300 பேர் கிளப் மூடினால், 2 லட்சம் பேர் இசைவிழாவுக்கு என்ன ஆகும்?

1993 மே 31. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ‘கிங் டட்ஸ்’ என்ற சின்ன கிளப். உள்ளே 300 பேர்தான் நிற்க முடியும். அன்று அங்கே வாசித்த ஒரு புதுக் குழுவை ரெக்கார்டு கம்பெனி நடத்திய ஆலன் மெக்கீ பார்த்தார். அங்கேயே ஒப்பந்தம் பேசினார். அந்தக் குழுதான் ஓயசிஸ். 1995-ல் கிளாஸ்டன்பரி திறந்தவெளி இசைவிழாவின் முக்கிய மேடையே அவர்களுக்கு!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கிளாஸ்டன்பரியில் இப்போது 2 லட்சம் பேர் கூடுகிறார்கள். கூடாரம், சேறு, ஏகப்பட்ட மேடைகள் என அது தனி அனுபவம். ஆனால், கடைசியில் நின்றால் பாடகரைத் திரையில்தான் பார்க்கணும். கிளப்பில் டிரம்மரின் வியர்வைகூடத் தெரியும். புதுப் பாட்டு எடுபடலைன்னா, குழுவுக்கும் உடனே தெரிஞ்சிடும். அதுதான் பயிற்சி.

பிரச்சினை எங்கே?

கிளப்களின் செலவு எகிறுகிறது. கூட்டமோ சில நூறுதான். ரேடியோஹெட், எட் ஷீரன் வாசித்த பாத் நகரின் ‘மோல்ஸ்’ கிளப், 45 ஆண்டுகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் மூடப்பட்டது.

தீர்வு உண்டா?

பெரிய அரங்கு, ஸ்டேடியம் கச்சேரிகளின் டிக்கெட்டுக்கு 1 பவுண்டு வீதம் கிளப்களுக்குத் தர வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘மியூசிக் வென்யூ டிரஸ்ட்’. 2025 பிரிட்டன் கச்சேரிகளின் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தர கோல்ட்ப்ளே முன்வந்தது.

இது தானதர்மம் இல்லை. நாளைய பெரிய மேடையில் ஏறப்போகிறவர்கள், இன்று எங்கோ 50 பேர் முன்னால்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.