படிவத்திற்கு முன் ஒரு பட்டியல்

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு ஆசிரியர் நான். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்காக மாணவர் விவரங்களைக் கூகுள் படிவத்தில் திரட்டினேன். பிறந்த தேதிக்கு வெறும் எழுத்துப் பெட்டிதான் வைத்திருந்தேன். ஒரு மாணவி 5/6 என்று எழுதினாள். விரிதாளோ அதை மே 6 என எடுத்துக்கொண்டது. சான்றிதழில் இருந்தது ஜூன் 5. கடைசி நாளில் கவனித்துத் திருத்தினேன். ஆண்டுக்கு ரூ.12,000 வீதம் நான்கு ஆண்டுகள் கிடைக்கக்கூடிய உதவி அது. தவறு என்னுடையது.

ஏன் நேர்ந்தது? ஒவ்வொரு தேவைக்கும் புதிய படிவத்தைக் கையால் அமைத்தேன். ஒன்றில் தேதிப் பெட்டி, இன்னொன்றில் எழுத்துப் பெட்டி. ஒரே விவரத்துக்குப் பல விதிகள்.

மென்பொருள் எழுதுவோர் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் ‘தரவு மாதிரி’ எழுதுவார்கள்: பெயர் எழுத்து வகை, கட்டாயம், பிறந்த தேதி தேதி வகை, கைப்பேசி எண் 10 இலக்கம். 2005இல் வெளியான ஜாங்கோ போன்ற கட்டமைப்புகள் இந்த வரையறையிலிருந்தே படிவத்தை உருவாக்கித் தரும். பிழைச் சரிபார்ப்பும் உடன் வரும். விதி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். கையால் எழுதினால் பெட்டி, சரிபார்ப்பு, சேமிப்பு என ஒவ்வோர் இடத்திலும் திருத்த வேண்டும். ஏதோ ஒன்று விடுபடும்.

நமக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளில் நான்கு பத்தி வரையுங்கள்: விவரம், வகை, கட்டாயமா, வரம்பு என்ன. அதைப் பார்த்தே எல்லாப் படிவங்களையும் அமையுங்கள். ஒரு முறை செய்த படிவத்தை நகலெடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஆனால் மாதிரியில் இல்லாததைப் படிவம் கேட்காது. எங்கள் கரிசல் பகுதியில் மழை பொய்த்தால் கரிமூட்டம் போடப் பெற்றோர் வெளியூர் போவார்கள், பிள்ளைகளும் போவார்கள். ‘முகவரி’ என்ற ஒரே பெட்டி அதைச் சொல்லாது. எனவே, ‘இப்போது பிள்ளை எங்கே தங்கியிருக்கிறது?’ என்ற கேள்வியைக் கையால் சேர்த்தேன். இரண்டு பருவங்களிலும் அது தேவைப்பட்டது. மூன்றாம் பருவத்தில் பட்டியலிலேயே ஏற்றிவிட்டேன்.

பொதுவானதைப் பட்டியல் பார்த்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளுக்கே உரியதை நாம்தான் கேட்க வேண்டும்.