பாட்டும் படமும் காவலும்

சென்ற கோடை விடுமுறையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூருக்கு நாம் போயிருந்தோம். நம் கல்லூரியிற் பயின்று, இப்போது ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள ஆலைகளில் வேலைபார்க்கும் பழைய மாணாக்கர் சிலர் அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒருங்கு வாழ்கின்றனர். இரவு முறை முடிந்து வைகறையில் திரும்பிய அவர்கள், உறங்குமுன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டனர். சங்கீதம் என்று நம் செவி பழகியது யாதும் அதில் இல்லை. ஒருவன் தாளத்தின்மேற் சினந்து பேசிக்கொண்டே போனான். “இஃது என்ன பாட்டு?” என்று வினவினோம். “ராப், ஐயா” என்றான் ஒருவன். மற்றொருவன், “முந்தாநாள் இரவு வண்டியை நிறுத்தி, எந்த ஊர், எந்தத் தெரு என்று எங்களைக் கேட்டார்களே, அதைத்தான் இவன் பாடுகிறான்” என்றான். அவ்விடையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ராப் என்பது அமெரிக்காவிலுள்ள கறுப்பு மக்களின் தெருக்களிற் பிறந்தது. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்னும் ஜமாய்க்கா இளைஞர் நடத்திய ஒரு விருந்தையே அதன் தொடக்கமாகக் கூறுவர். முதலில் அது களியாட்டத்திற்கு உரியதாகவே இருந்தது. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ என்ற பாட்டு, இடிந்த வீடுகளையும் வேலையில்லாத் தெருக்களையும் பொருளாகக் கொண்டது. 1988-இல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே காம்ப்டன் நகரத்து இளைஞர், போலீஸாரின் கொடுமையைக் கடுஞ்சொற்களாற் பழித்துப் பாடினர். அடுத்த ஆண்டில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு நிலையத்து அதிகாரி ஒருவர் இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்பவரைப் போலீஸார் அடித்ததை ஒருவர் தம் வீட்டு மாடத்திலிருந்து படம்பிடித்தபோது, பாட்டிற் கேட்டதை உலகம் கண்ணாற் கண்டது. அடித்தவர்கள் மறு ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட, நகரம் தீப்பற்றி எரிந்தது; ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர்.

அங்கே நிறம் செய்யும் வேலையை இங்கே தெருவின் பெயர் செய்கிறது. நிறத்தைக் கண்ணே காட்டிவிடும். சாதியைக் கேட்டுத்தான் அறியவேண்டும். ஊரையும் தெருவையும் சொன்னவுடன் சேரி எது, குடித்தெரு எது என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. இவ்வொப்புமை நாம் புதிதாகக் கண்டதன்று. டாக்டர் அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கப் பேரறிஞர் டு பாய்ஸுக்கு இது குறித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். பிறப்பினாலேயே ஒருவனைக் குற்றவாளியாகக் கருதும் வழக்கத்திற்குச் சட்டமே துணைநின்ற காலமும் உண்டு. 1871-இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. 1947-இல் இம்மாகாணத்தில் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினும் சந்தேகம் நீங்கிற்றில்லை.

இதனைத் தமிழ்ப் படங்களுள் மிகத் தெளிவாக விளக்கியது வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ என்பது நம் கருத்து. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1983-இல் குண்டூர்ப் போலீஸாரிடம் தாம் பட்ட பாட்டை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அதனின்று எழுந்த படம் 2015-இல் வெனிஸ் விழாவிலும் அடுத்த ஆண்டு நம் கொட்டகைகளிலும் காட்டப்பெற்றது. பிழைப்புத் தேடி அயலூர் சென்ற கூலியாட்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகின்றனர். ஏன் அடிக்கவேண்டும்? போலீஸாரிடம் கூறும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்திற் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலை முதல் வழங்கும் புதிய சட்டமும் அவ்வாறே விதிக்கிறது. ஆயினும் கைதியின் சொல்லால் ஒரு பொருள் கண்டெடுக்கப்படின், அச்சொல்லின் அப்பகுதி மட்டும் செல்லும். அடிக்கு இடம்கொடுக்கும் வாயில் இதுவே. வழக்கை முடித்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி வரும்போது, கேட்பாரற்ற ஒருவனும் ‘மீட்கப்பட்ட’ ஒரு பொருளும் போதுமானவை. சட்டம் பயிலும் நம் மாணாக்கர் இப்பிரிவைப் பாடநூலிற் படித்தபின் அப்படத்தையும் காண்பாராக.

த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ 2021-இல் வெளிவந்தது. 1993-இல் கடலூர்ப் பக்கத்தில் குறவர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் போலீஸ் காவலில் மாண்ட வழக்கை அது தழுவியது. வழக்கறிஞர் சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், ஆட்கொணர்வு மனுவால் அதனை வெளிப்படுத்தினார். படத்தில் அவ்வகுப்பு இருளர் என மாற்றப்பட்டது. துன்பம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது ஆவது நமக்கு உடன்பாடன்று.

இவற்றிற்கு மாறான படங்களே தொகையில் மிக்கன. ‘சாமி’ (2003), ‘சிங்கம்’ (2010) போன்றவற்றில் கதாநாயகனாகிய போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கைவிட்டு அடிக்கிறான், சுடுகிறான், கொட்டகை கைதட்டுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரின் அடியால் மாண்டபோது, அப்படங்களை இயக்கிய ஹரி, போலீஸாரைப் போற்றி ஐந்து படங்கள் எடுத்தமைக்கு வருந்துவதாக அறிக்கை விடுத்தார். இத்தகைய வருத்தம் நம் சினிமாவுலகில் அரிது. பென்னலூர் அறையிலிருந்த இளைஞர் ‘சிங்கம்’ படத்து வசனங்களையும் மனப்பாடமாக ஒப்பித்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இனிப் பாட்டிற்கு வருவோம். வடசென்னையின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் குடியிருப்புக்களில், சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடும் கானா வளர்ந்தது. 1990-க்குப் பின் தேவா முதலியோர் அதனைச் சினிமாவிற் புகுத்தினர். ஆனால் பெரும்பாலும் வேடிக்கைக்காகவும் குடிகாரன் வாய்ப்பாட்டாகவுமே புகுத்தினர். ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் வியாசர்பாடி வாழ்க்கையை உள்ளிருந்து காட்டிய பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைவாணர் தென்மாவும் சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவை அமைத்தனர். 2018 ஜனவரியில் சென்னையில் அதன் முதற் கச்சேரி நடந்தது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. சாதியற்றவர் என்ற அப்பெயர், ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையை 1907-இல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து வந்தது. அரக்கோணத்து அறிவு, கானா பாடும் பெண்மணி இசைவாணி முதலியோர் அக்குழுவினாற் பெயர்பெற்றனர். ராப் தமிழுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அருணகிரியாரின் வண்ணத்தை ஒருமுறை வாய்விட்டு ஓதினவர் அவ்வாறு சொல்லார்.

ராப் முழுவதும் நன்று என்று நாம் கூறவில்லை. கத்தியைப் போற்றுவனவும் பெண்டிரை இழித்துரைப்பனவும் மிகுதியாக உள்ளன. ஆயினும் பாட்டில் ‘நான்’ என்று வருவதெல்லாம் பாடகன் தானே செய்த குற்றம் ஆகாது. அமெரிக்க நீதிமன்றங்கள் பலகாலும் ராப் வரிகளையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டதனால், 2022-இல் கலிபோர்னியா மாநிலம் அதற்கு வரம்புகட்டிச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று.

பென்னலூர் வடசென்னையன்று. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு தலைமுறைக்குள் நகரமாகிவிட்டன. நிலத்தின் விலையும், ஆலைகளின் கழிவிரும்பை ஏலம் எடுப்பதும் இங்குப் பகைக்கு விதையாகின்றன. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் பந்தலைப் போலீஸார் பிரித்ததையும் இவ்விளைஞர் அருகிருந்து கண்டவர்கள். இவற்றைப் பாடியவர் யார் என்று கேட்டோம்.

அவருள் ஒருவன் கூச்சத்துடன் ஒரு குறிப்பேட்டை எடுத்து நீட்டினான். நான்கு பக்கம் எழுதியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் எதுகை தப்பியிருந்ததைச் சுட்டி, ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்தோம். அவன் அதனைத் தாளத்தோடு இருமுறை சொல்லிப் பார்த்து, “இல்லை ஐயா, நிறுத்திக் கேட்டவர் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்” என்று பழைய சொல்லையே வைத்துக்கொண்டான்.