பாதுகாப்பான தொகுதி யாருக்குப் பாதுகாப்பு?



தேர்தல் நெருங்கினால் பண்டமாரான் பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு பேச்சு கேட்கும். "நம்ம தொகுதியில யார் ஜெயிப்பாங்கன்னு இப்பவே தெரியும். நான் ஒருத்தன் போய் வரிசையில நின்னு என்ன ஆகப் போகுது?" என்பார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பண்டமாரான் சட்டமன்றத் தொகுதியில் 2008, 2013, 2018, 2023 ஆகிய நான்கு தேர்தல்களிலும் ஜ.செ.க.தான் வென்றது. அது அடங்கிய கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியிலும் 2008 முதல் 2022 வரை அதே கட்சிக்கே வெற்றி. எனவே, கேள்வி நியாயமானது. பதிலை நம் நாட்டுத் தேர்தல் வரலாற்றிலேயே தேடுவோம்.

கோட்டை சரிந்த கதை

பாதுகாப்பான தொகுதி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். துன் வீ.தி. சம்பந்தன் பிரதிநிதித்த தொகுதி அது. அவருக்குப் பின் 1974இல் ச. சாமிவேலு அங்கே வென்றார். 2004 வரை தொடர்ந்து எட்டுப் பொதுத் தேர்தல்களில் அவருக்கே வெற்றி. 2004இல் அவர் பெற்ற பெரும்பான்மை பத்தாயிரம் வாக்குகளுக்கும் மேல். அமைச்சர், ம.இ.கா. தேசியத் தலைவர், தேசிய முன்னணியின் மூத்த தலைவர். இதைவிடப் பலமான நடப்பு உறுப்பினரைக் காட்ட முடியுமா?

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2008 மார்ச் 8ஆம் நாள் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் 16,458 வாக்குகளும், சாமிவேலு 14,637 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 1,821. இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மனம் மாறினால் ஒரு பக்கம் ஒன்று குறைந்து, மறுபக்கம் ஒன்று கூடும். ஆக, 911 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

தமிழ்நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 1967இல் பெருந்தலைவர் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தலைவரின் பெருமை குறைந்ததால் வந்த தோல்வியல்ல அது. மாநிலம் முழுவதும் காற்று திசை மாறியிருந்தது.

கோட்டை எதனால் நிற்கிறது?

மலேசியாவில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர்கள் பெரும்பான்மையினர் அல்லர். சுங்கை சிப்புட்டும் அப்படியே. ம.இ.கா. வேட்பாளர் அங்கே வெல்ல வேண்டுமானால் அம்னோ ஆதரவாளர்களின் வாக்கும் சீன வாக்காளர்களில் ஒரு பகுதியும் வந்து சேர வேண்டும். நாம் கோட்டை என்று சொன்னது உண்மையில் இந்தக் கூட்டு வாக்கைத்தான்.

2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பின் இந்தியர் வாக்கு பெரிதும் நகர்ந்தது. மற்ற இனத்தவரிடமும் அதிருப்தி இருந்தது. எல்லாம் சேர்ந்ததால் தேசிய முன்னணி 222 இடங்களில் 140ஐ மட்டுமே பிடித்து, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சிலாங்கூர் ஆட்சியும் கைமாறியது. நம் கிள்ளானிலேயே, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டிருந்த வழக்கறிஞர் மா. மனோகரன், ஒரு கூட்டத்தில்கூடப் பேச முடியாத நிலையில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார்.

காற்று மட்டும் போதாது. அது வீசும் நாளில் ஒருவர் அங்கே தயாராக நிற்கவும் வேண்டும். ஜெயக்குமார் 1999இலும் 2004இலும் அதே தொகுதியில் நின்று தோற்றவர். தோட்ட மக்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்தவர். தோற்ற பின்னும் ஊரைவிட்டுப் போகாதவர்.

ஆனால் உழைப்பு மட்டும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2013இல் மீண்டும் வென்ற அதே ஜெயக்குமார், 2018இல் தம் கட்சியான பி.எஸ்.எம். சின்னத்தில் தனித்து நின்றபோது வைப்புத் தொகையையே இழந்தார். பி.கே.ஆர். வேட்பாளர் எஸ். கேசவன் வென்றார். காற்றும் ஆளும் ஒன்றுசேர்ந்த தேர்தலில்தான் கோட்டை சரிந்தது.

பெரிய பெரும்பான்மை, சிறிய பேச்சுரிமை

இனி நம் தொகுதிக்கு வருவோம். கிள்ளானில் சார்ல்ஸ் சந்தியாகோ 2013இல் பெற்ற பெரும்பான்மை 24,685. 2018இல் அது 78,773. இடையில் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. ஆட்சி மாற்ற அலையும் அடித்தது. இரண்டும் சேர்ந்து வந்த எண்ணிக்கை இது. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கில் வென்றவருக்கும் 78,773 வாக்கில் வென்றவருக்கும் ஒரே ஒரு நாற்காலிதான் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்று தவணை இருந்த அவர் 2022இல் எப்படி விலகினார்? மக்கள் தோற்கடிக்கவில்லை. கட்சி அவரை மீண்டும் நிறுத்தவில்லை, வீ. கணபதிராவை நிறுத்தியது. அவரும் பெரும் பெரும்பான்மையில் வென்றார். இருவரில் யார் சிறந்தவர் என்பது இங்கே என் கேள்வியல்ல. நம் உறுப்பினரை மாற்றிய முடிவு எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதே கேள்வி. வாக்குச் சாவடியில் அல்ல. வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே, கட்சித் தலைமையின் அறையில்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே மக்களவையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். மறுபடி நிற்கும் உறுப்பினர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெல்வது வழக்கம். ஆனால் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய முன்கூட்டியே ஒரு வாக்கெடுப்பு உண்டு. அதில் சாதாரண வாக்காளர்கள் கலந்துகொள்கிறார்கள். 1999 முதல் நியூயார்க்கில் உறுப்பினராக இருந்த ஜோ குரோலி, 2018இல் அந்த வாக்கெடுப்பில்தான் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டேஸ் என்ற 28 வயதுப் பெண்ணிடம் தோற்றார். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேட்பாளரை முடிவு செய்வது கட்சித் தலைமை.

நம் கையில் இருப்பது

இன்னொரு குறையும் உண்டு. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை. வடிகால், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் நாம் கேள்வி கேட்கக்கூடிய, நம் வாக்கால் வந்த ஆட்கள் இருவரே: சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர். அவர்களும் நம்மைவிடக் கட்சித் தலைமையை நம்பி இருந்தால் நம் குரல் எங்கே போய்ச் சேரும்?

அதற்காக வாக்களிக்காமல் வீட்டில் இருப்பதா? அதுதான் கோட்டைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு. பாதுகாப்பான தொகுதியில் வாக்காளரின் வேலை தேர்தல் நாளில் மட்டும் இல்லை. தேர்தலுக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். சேவை மையத்துக்குப் போங்கள். தொகுதி ஒதுக்கீடு எதற்குச் செலவானது என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கட்சித் தலைமைக்கும் எழுதுங்கள். எதிர்த்து நிற்பவர் தோற்ற பிறகும் தொகுதியில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவருக்குக் காது கொடுங்கள். நாளைக்குத் தேவைப்படலாம்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. பெயர்ப் பதிவும் தானாகவே நடக்கிறது. அவர்களுக்குப் பழைய கட்சி விசுவாசம் கிடையாது. சென்ற தேர்தலின் பெரும்பான்மை நேற்றைய கணக்கு. அதை அடுத்த தேர்தலுக்கு முன்பணமாகக் கட்டிவைக்க எந்தக் கட்சியாலும் முடியாது.

எனவே கடையில் அடுத்த முறை யாராவது "முடிவு தெரிந்ததுதானே" என்றால், சுங்கை சிப்புட்டில் அந்த 911 பேர் யார் என்று கேளுங்கள். ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது.