சீன இளைஞர்கள் ஏன் படுத்துக்கொள்கிறார்கள்?

1970களில் சீன நகரங்களில் மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் எதிர்பார்த்தவை நான்கு: சைக்கிள், தையல் மெஷின், கைக்கடிகாரம், ரேடியோ. சைக்கிள் வாங்கக் காசு மட்டும் போதாது, கூப்பனும் கிடைக்க வேண்டும். 80களில் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்றானது. பிறகு வீடு, கார். பொருள்கள் மாறினாலும் உழைத்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கை மாறவில்லை. 1979இல் டெங் சியோபிங் நாட்டுக்கு வைத்த இலக்கு ஓரளவு வசதியான வாழ்வு. அதை எட்டிவிட்டதாக 2021 ஜூலையில் ஷி ஜின்பிங் அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இளைஞர்களிடையே ‘தாங்பிங்’ பரவியிருந்தது: வீடு, கல்யாணம், பிள்ளை என்று எதற்கும் ஓடாமல், பிழைக்கத் தேவையான அளவு மட்டும் உழைத்துவிட்டுப் படுத்துக்கொள்வது.

இது வெட்கக்கேடு என்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடு ஒன்றே எழுதியது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் வேலை என்பது தொழில்நுட்ப நிறுவனங்களில் வழக்கமாகியிருந்தது. அது கிடைப்பதே பாக்கியம் என்று 2019இல் தொழிலதிபர் ஜாக் மா சொன்னார்; 2021இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அப்படி உழைத்தாவது வீடு வாங்கலாம் என்றால், எவர்கிராண்ட் போன்ற கட்டுமான நிறுவனங்கள் கடனில் மூழ்கின. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர். 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம், அதன்பின் சில மாதங்கள் அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே அரசு நிறுத்திவைத்தது. உழைப்புக்குப் பலன் உறுதியில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களைச் சோம்பேறி என்பது நியாயமல்ல.

அப்படியானால் 2023 இறுதியில் நடந்த மத்திய அரசுப் பணித் தேர்வில் 40 ஆயிரத்துக்கும் குறைவான இடங்களுக்கு 30 லட்சம் பேர் ஏன் விண்ணப்பித்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் தேடுவது பெரும் பணத்தை அல்ல, நிரந்தரத்தை. கட்டடத் தொழிலுக்காக ஊர்விட்டு வந்த கிராமத்துத் தொழிலாளி படுத்துக்கொள்ள முடியாதே என்ற கேள்விதான் வலுவானது. உண்மைதான், பெற்றோரின் வீடும் சேமிப்பும் இருப்பவர்களுக்கே இது எளிது. ஆனால் மாற்றம் அவர்களோடு நிற்கவில்லை. 2013இல் 1 கோடியே 34 லட்சமாக இருந்த திருமணப் பதிவுகள் 2024இல் 61 லட்சமாகிவிட்டன. மணவயதினர் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்றாலும், இவ்வளவு பெரிய சரிவை அது மட்டுமே விளக்காது. பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் தருவதாக 2025இல் அரசு அறிவித்தது. அதைவிட முக்கியமானது நேரம். நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சீனத் தொழிலாளர் சட்டம் 1995 முதல் சொல்கிறது. அரசு முதலில் அதை அமல்படுத்தட்டும்.