பருமன் குறைக்கும் சத்திரசிகிச்சை பயனளியாவிடின் எண்ணத்தக்கவை

நோய் நீங்கும்பொருட்டு மருத்துவரை நாடுவார் அனைவரும் முதன் மருந்திலேயே நலம் பெறுவரென்பதில்லை. ஒரு மருந்து பயன்படாதொழியின் வேறொன்றைத் தேடுதல் உலகவழக்கு. அதன்பொருட்டு நோயாளியைப் பழிப்பார் இலர். ஆயின், மிகுபருமன் என்னும் நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மீண்டும் எடை கூடக் காணின், உற்றாரும் நண்பரும் ‘வாயைக் கட்டாதவர்’ என்று அவரையே இகழ்கின்றனர். அவரும் தம்மையே நொந்துகொண்டு, மருத்துவர் முகத்தில் விழிக்க நாணி, வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். அந்நாணம் எடையினும் பெருந்தீங்கு விளைப்பதாகலின், இச்சிகிச்சை பயனளியாதபோது எண்ணத்தக்கவை யாவையென ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இச்சிகிச்சை பலவகைப்படும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழல்போல் அமைப்பது ஒரு வகை. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்து, உணவை மாற்றுவழியிற் செலுத்துவது மற்றொரு வகை. இதன் முதல் வடிவத்தை 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையைச் சார்ந்த எட்வர்டு மேசன் என்பார் செய்துகாட்டினர். இரைப்பையின் மேற்புறத்தைப் பட்டையாற் சுற்றி இறுக்குவது பிறிதொரு வகை. முதலிரு வகைகளாலும் உண்ணும் அளவு குறைவதோடு, பசியையும் நிறைவையும் மூளைக்கு உணர்த்தும் குடற்சுரப்புக்களும் மாறுபடுகின்றன.

இனி, முதற்கண் எண்ணத்தக்கது யாதெனின், நேர்ந்தது உண்மையிலேயே தோல்விதானா என்பதாம். உயரத்திற்கேற்ற எடைக்கு மேற்பட்டதை மிகையெடை என்பர். அதிற் பாதியேனும் குறைந்தால் வெற்றியென்பது மருத்துவர் பலர் நெடுங்காலம் கொண்ட அளவை. நூறு கிலோ மிகையெடையுடையார் அறுபது கிலோ இழந்து, பின்னர்ப் பத்துக் கிலோ மீளப்பெறினும், அவர் அவ்வளவையைத் தவறினாரல்லர். ஸ்வீடன் தேசத்தில் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய பேராராய்ச்சி இதனை நன்கு விளக்குகின்றது. ஆங்கு மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதலிரண்டாண்டிற்குள் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கு இழந்தனர்; பத்தாண்டு கழிந்தபின் அவ்விழப்பு 25 பங்காகக் குறைந்தது. பட்டையிட்டோர்க்கு அது 20-இலிருந்து 14 பங்காயிற்று. ஆகவே, சிறிது எடை மீளுதல் இச்சிகிச்சையின் இயல்பேயாம்.

அவ்வாராய்ச்சி கூறும் மற்றொன்றும் நினைவிற் கொள்ளற்பாலது. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, ஏறக்குறையப் பதினோராண்டில், சிகிச்சை பெற்ற 2010 பேருள் 101 பேரும், பெறாத 2037 பேருள் 129 பேரும் இறந்தனர். சிறிது எடை மீண்டபோதிலும் ஆயுள் நீண்டமை காண்க. எனவே, தராசின் முள் ஒன்றையே நோக்காது, நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, உறக்கத்தில் மூச்சுத்தடை முதலியன எந்நிலையிலுள்ளன என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நிற்க. எடை உண்மையிலேயே போதிய அளவு குறையாதாயினும், மிகுதியாக மீண்டதாயினும், அதன் காரணத்தை முறையே ஆராய்தல் வேண்டும். அவற்றுள் முதலாவது உறுப்பின் அமைப்பு. பை விரிந்திருக்கலாம்; பட்டை நழுவியிருக்கலாம்; பிரிக்கப்பட்ட இரைப்பைப் பகுதிகளிரண்டிற்கும் இடையே புதுத்துளை தோன்றியிருக்கலாம். இவை நோயாளியின் மனவுறுதியால் அடைபடுவனவல்ல. எக்ஸ்ரே படத்தாலும், உள்நோக்குக் குழாயாலும் அறியற்பாலன. இரண்டாவது உணவு. சிறிது சிறிதாக நாள்முழுதும் கொறித்தலும், இனிப்புப் பானங்களைப் பருகுதலும் சிறு பையை எளிதிற் கடந்து செல்லும். மூன்றாவது பிற மருந்தும் நோயும். ஸ்டீராய்டு, இன்ஸுலின், மனநோய்க்குரிய மருந்துகள் சில ஆகியவை எடையைக் கூட்டுவன. தைராய்டுச் சுரப்புக் குறைவும் அத்தகையதே. நான்காவது மனம். துயரும் தனிமையும் தூண்ட அளவின்றி உண்ணுதல் ஒரு நோயேயன்றி ஒழுக்கக்கேடன்று. இவையனைத்திற்கும் மேலாக, இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கின்றது. பசியை மிகுவித்து, செலவிடும் ஆற்றலைச் சுருக்குகின்றது. இவ்வியற்கையோடு போராடுவாரைச் சோம்பரென்றல் தகாது.

காரணம் தெளிந்தபின்னரே பரிகாரம் தேடுதல் முறை. உணவியல் வல்லாரின் துணையும், உடற்பயிற்சியும், மனநல மருத்துவமும் முதற்கண் வைக்கத்தக்கன. அடுத்தவை, குடற்சுரப்பொன்றைப் போலச் செயற்படும் புதிய ஊசிமருந்துகள். லண்டன் மாநகரில் நிகழ்த்தப்பெற்று 2023-இல் வெளிவந்த சோதனையொன்றில், சிகிச்சையின்பின் எடை போதியவளவு குறையாதார் 70 பேருட் சிலர்க்கு லிராகுளூடைடு என்னும் மருந்தும், ஏனையோர்க்கு வெற்றூசியும் இடப்பட்டன. 24 வாரத்தில் மருந்து பெற்றோர் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு எடை இழந்தனர். ஏனையோர் ஒரு பங்கினும் குறைவாகவே இழந்தனர். ஆயினும் இத்தகைய மருந்தை நிறுத்தின் எடை மீளுதல் பெரும்பான்மை என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் முறை சத்திரசிகிச்சை செய்தல் இறுதியில் எண்ணற்பாலது. முன்னரே வெட்டித் தைத்த இடத்தில் தழும்பு கட்டியிருத்தலின், தையல் கசிதல் முதலிய அபாயங்கள் முதன்முறையினும் இதன்கண் மிகுதி. அமைப்பிற் குறையிருப்பின் அது பெரும்பயன் தரும். காரணம் வேறாயின், மீண்டும் அறுத்தல் வீண் துன்பமாகவும் முடியும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். எடை மீண்டதென்று மருத்துவரைக் கைவிடுவார், உயிர்ச்சத்து மாத்திரைகளையும் அவற்றோடு கைவிடுகின்றனர். எடை மீளினும் குடலின் மாற்றமைப்பு மீளுவதில்லை. இரும்பு, சுண்ணாம்பு, பி12 முதலிய சத்துக்கள் குறைந்து, சோகையும் எலும்பு நலிவும் நரம்புக் கோளாறும் தோன்றலாம். இடைவிடாத வாந்தியால் பி1 சத்துக் குன்றின், சில வாரங்களிலேயே மூளைக்கு ஊறு நேர்தலும் உண்டு. ஆதலின், ஆண்டுதோறும் இரத்தச் சோதனை செய்துகொள்ளுதல் எடை குறைந்தார்க்கும் குறையாதார்க்கும் ஒப்பக் கடனாம்.

நம் இல்லத்தாருள்ளோ, நண்பருள்ளோ இந்நிலையுற்றார் ஒருவர் இருப்பின், ‘என்ன உண்டீர்?’ என வினவுதலை விடுத்து, ‘மருத்துவரிடம் உடன்வரட்டுமா?’ என்று வினவுவோமாக.