கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ வேறு ஊர்க் கடையிலோ கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய விலை கேட்டால் ஒரு கொட்டேஷன் எழுதித் தருவார்கள். பெரும்பாலும் அதன் முதல் வரியில் பிராசஸர் இருக்கும். பிறகு மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என்று இறங்கி, கடைசி வரியில் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று இரண்டு பொருளுக்கும் சேர்த்து ஒரு சிறிய தொகை போட்டிருக்கும். மொத்தம் கையிருப்பைத் தாண்டினால் பேரம் கீழிருந்துதான் தொடங்குகிறது. எஸ்எம்பிஎஸ் மலிவானதாக மாறும். மதர்போர்டு ஒரு படி இறங்கும். மிச்சமான பணம் மேலே ஏறி ‘ஐ3’ பிராசஸரை ‘ஐ5’ ஆக்கும். இரண்டு வருடம் சேர்த்த பணத்தோடு வரும் மாணவருக்கும், மகளுக்கோ மகனுக்கோ வாங்கித்தர வரும் பெற்றோருக்கும் இது நல்ல பேரமாகவே தெரியும். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. பணம் குறைவாக இருக்கும்போது காப்பாற்ற வேண்டியவை முதலில் வெட்டப்படும் அந்த வரிகள்தான். நம் ஊர்களில் மேல்மாடியைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டி விட்டுவைப்பார்கள். கம்பி விடாத வீட்டில் பிறகு காசு வந்தாலும் மாடி ஏற்றுவது பெரும்பாடு. குறைந்த செலவில் கட்டும் கம்ப்யூட்டரும் அப்படித்தான்: ஐந்தாறு ஆண்டுகளில் துண்டு துண்டாக வளர வேண்டிய பொருள் அது. எதைப் பின்னால் எளிதாக மாற்றலாமோ அதைத் தள்ளிப்போடலாம். எது மாற்றத்துக்கே இடம் தருகிறதோ அதை இன்றே சரியாக வாங்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு இந்த வளரும் குணம் எப்படி வந்தது? 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில், பிறர் செய்த அட்டைகளையும் செருகிக்கொள்ள ஸ்லாட்டுகள் இருந்தன. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, மதர்போர்டில் திருகுத் துளை எங்கே இருக்க வேண்டும் என்பது வரை பொதுவாக்கியது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினட்டில் உட்காருகிறது. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இந்தச் சுதந்திரம் சமமாக இல்லை. கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் திருகு கழற்றி மாற்றிவிடலாம். பிராசஸரை மாற்ற, மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட் ஒத்துழைக்க வேண்டும். இதற்குத் தெளிவான சாட்சி ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் முதல் ரைசன் பிராசஸருக்காக வாங்கிய பல மதர்போர்டுகள், பயாஸ் அப்டேட் செய்தபின், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யையும் ஏற்றுக்கொண்டன. அதே 2017-இல் இன்டெல்லின் ஏழாம் தலைமுறைக்கு போர்டு வாங்கியவர்களின் நிலை வேறு. அந்த ஆண்டிலேயே வந்த எட்டாம் தலைமுறை பிராசஸருக்கும் அதே 1151 பின்கள்தான். ஆனாலும் பழைய போர்டில் அது ஓடவில்லை. இன்று புதிதாகத் தொடங்குபவர் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் பணம் எட்டினால் அதற்குப் போவது நல்லது. 2027 வரையேனும் அதை ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எட்டாவிட்டால் ஏஎம்4 குறைவான தேர்வு ஆகிவிடாது. ஆறு கோர் பிராசஸரில் தொடங்கி, நாளை பழைய பொருள் சந்தையில் எட்டுக் கோருக்குப் போகும் வழி அதில் இருக்கிறது. அது அந்த வீட்டின் கடைசி மாடி என்று தெரிந்து வாங்கினால் போதும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கரண்டை வீட்டு இணைப்பிலிருந்து வாங்கி மற்றப் பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. மற்ற எந்தப் பாகம் கெட்டாலும் நஷ்டம் பெரும்பாலும் அதோடு நிற்கும். இது கெட்டுப்போகும் விதம் மோசமானால் மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மேலே பெரிதாக ‘450’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே 18 என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட்தான் வருகிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது இந்த 12 வோல்ட்டில். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட் வேண்டும். ரைசன் 5 5600 பிராசஸர் 65 வாட் என்று குறிக்கப்பட்டாலும் முழுவேகத்தில் அதற்குச் சற்று மேலே போகும். இரண்டும் சேர்ந்தாலே 200 வாட்டைத் தாண்டிவிடும். ஃபேன்களும் மதர்போர்டும் அதற்கு மேல். ஆக, பெயரளவில் 450 வாட் கொண்ட அந்தப் பெட்டி மூச்சு முட்டும் இடம் இதுதான். நேர்மையான 550 வாட் பெட்டி ஒன்று இன்றைக்கும் போதும், நாளைக்கு வரும் கார்டுக்கும் போதும். ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் அது கரண்டை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஐந்து ஆண்டு வாரண்டி தருகிறார்களா, அதிக மின்னோட்டத்துக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் பாதுகாப்பு உண்டா என்பவை அதைவிட முக்கியமான கேள்விகள். கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொன்னாலே பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும். கேபினட்டைப் பொறுத்தவரை, முன்பக்கம் கண்ணாடியும் கலர் விளக்கும் வேண்டாம். காற்று நுழையும் வலை முகப்பு போதும். ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், உள்ளே போகும் காற்றே சூடுதான். அதையும் அடைத்துவிட்டால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அப்படியானால் தள்ளிப்போட வேண்டியது எது? பலருக்கு இது கசக்கும்: கிராபிக்ஸ் கார்டுதான். விளையாடுவதற்காக வாங்கும் கம்ப்யூட்டரில் விளையாட்டுக்கு மிக முக்கியமான பாகத்தையே தள்ளிப்போடுவதா என்ற கேள்வி நியாயமானது. கார்டுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் முதல் நாளே வாங்குங்கள். செலவில் பெரிய பங்கை அதற்குத்தான் கொடுக்க வேண்டும். அடித்தளத்தை வெட்டினால்தான் கார்டு வாங்க முடியும் என்ற நிலை வரும்போதுதான் தள்ளிப்போடுவது சரி. ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற பிராசஸர்களுக்கு உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரன்ட் போன்ற இலகுவான கேம்களுக்கும், 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-க்கும் செட்டிங்ஸைக் குறைத்தால் அது ஈடுகொடுக்கும். இங்கே ஒரு நுணுக்கம். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. ராமில்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4 3200 ராம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வேகம்தான். இரண்டு குச்சியாகப் போட்டால் 51.2 ஜிபி. ஆகவே 16 ஜிபி ஒரே குச்சி வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்குவது, அதே பணத்தில் கேமின் ஓட்டத்தையே மாற்றும். நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் பிறகு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். ஆர்எக்ஸ் 6600 கார்டின் சொந்த மெமரி வேகம் நொடிக்கு 224 ஜிபி. இந்த எண்ணையும் அந்த 51-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளமைந்த கிராபிக்ஸ் தற்காலிக ஏற்பாடுதான் என்பது விளங்கும். தற்காலிகம் என்பதும் கேவலம் அல்ல. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, ஸ்டீம் தளம் எடுக்கும் கணக்கில் 2022 இறுதி வரை பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுக்க ஆடுகிறவர்களில் மிகப் பலர் பழைய, நடுத்தரக் கார்டில்தான் ஆடுகிறார்கள்.

தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடாதா என்று கேட்கலாம். ஏறத்தான் செய்திருக்கிறது. 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டதில் கடைகளில் இருப்பே இல்லை. பிறகு 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளின் தேவையை நீக்கியதும் அவை பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. 2025 இறுதியில் ராமுக்கு அதே கதி நேர்ந்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாரிக்கொள்ள, விலை எகிறியது; மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் பிராண்டை நுகர்வோர் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. இதையெல்லாம் யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. என் வாதத்துக்கு இது வலுவே சேர்க்கிறது. அடித்தளம் சரியாக இருப்பவர், விலை ஏறிய பாகத்தை விட்டுவிட்டு இறங்கிய பாகத்தை வாங்கிக் காத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே விலையில், மாற்ற வழியில்லாமல் வாங்கியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது: அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பிராண்டட் கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிவிடுவது. மிகக் குறைந்த பணத்தில் இது பயனுள்ள வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கேதான் நீட்டிய கம்பி இல்லாத வீடு என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். கார்டுக்குத் தனி பவர் கேபிளும் இராது. மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டு மட்டுமே போட முடியும். 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை மாதிரி ஒன்றிரண்டுதான் தேறும். அதற்கு மேல், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. வாலரன்ட் கேமும் விண்டோஸ் 11-இல் அந்த டிபிஎம்மைக் கேட்கிறது. ஆகவே நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகளை விலை பார்த்து மட்டும் வாங்கக் கூடாது.

பிளேஸ்டேஷன் வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்பாரும் உண்டு. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் வகையின் விலை ₹49,990. அந்த விலையில் அந்த அளவு காட்சித் தரத்தைக் கம்ப்யூட்டரில் எட்டுவது கடினம்; விளையாட மட்டும் வேண்டுமென்றால் கன்சோலே நியாயமான முடிவு. படிப்பு, வேலை, வீடியோ எடிட்டிங் எல்லாம் ஒரே பெட்டியில் நடக்க வேண்டிய வீட்டுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கார்டு வாங்கும் நாள் வரும்போது முதலில் மானிட்டரைப் பாருங்கள். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்; 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். குறைந்த பட்ஜெட்டுக்கு 1080 திரையே இயல்பான எல்லை. எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகள் குறைவான புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி அந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. மெமரி 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒரு பாடம்: 4 ஜிபி மெமரி, மதர்போர்டோடு பேச நான்கே பாதைகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுகளில் அதன் வேகம் பல கேம்களில் வெகுவாகச் சரிந்தது. 5600ஜி பிராசஸரும் 3.0 வரைதான் தரும் என்பதால், அதில் தொடங்கியவர்கள் இந்தக் கார்டைத் தவிர்க்க வேண்டும். எட்டுப் பாதை கொண்ட ஆர்எக்ஸ் 6600-க்கு அந்தப் பாதிப்பு சிறிது. ரே டிரேசிங் என்ற ஒளிக்காட்சி உத்திக்கான வன்பொருள் இல்லாத ஜிடிஎக்ஸ் 1060, ஆர்எக்ஸ் 580 போன்றவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், 2024 இறுதியில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025-இல் வந்த டூம் கேமும் அந்த வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். பழைய கார்டானால் பில்லையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் உரசுகிறதா என்று கவனித்தபிறகே பணத்தைக் கொடுங்கள்.