ஜெஃபர்சன் வைன் புட்டிகள்

ஜெஃபர்சன் வைன் புட்டிகள் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனுக்கு உரியவை எனக் கூறி விற்கப்பட்ட பிரெஞ்சு வைன் புட்டிகள் ஆகும். பாரிஸ் நகரப் பழைய வீடொன்றின் சுவருக்குப் பின்னால் இவை கிடைத்தன என்று ஜெர்மானிய வைன் சேகரிப்பாளர் ஹார்டி ரோடன்ஸ்டாக் 1985 இல் அறிவித்தார். கண்ணாடியில் ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

ஏலம்

டிசம்பர் 5, 1985 அன்று இலண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், 1787 எனப் பொறிக்கப்பட்ட லாஃபீட் வைன் புட்டி ஒன்றை 105,000 பவுண்டுகளுக்கு விற்றது. அதுவரை எந்த வைன் புட்டியும் இவ்வளவு விலைக்கு விற்கப்படவில்லை.

ஐயங்களும் ஆய்வும்

ஜெஃபர்சன் தமது செலவுகளை நுணுக்கமாகக் குறித்து வைத்தவர். எனினும், அவரது இல்லமான மான்டிசெல்லோவின் ஆய்வாளர்கள் அக்குறிப்புகளில் இப்புட்டிகளுக்குச் சான்று காணவில்லை. நான்கு புட்டிகளை வாங்கியிருந்த அமெரிக்கத் தொழிலதிபர் வில்லியம் கோக் அவற்றை ஆய்வுக்கு உட்படுத்தினார்.

அணுகுண்டு வெடிப்புகளால் சூழலில் பரவிய சீசியம்-137 வைனில் காணப்படவில்லை. வைன் அணுகுண்டுக் காலத்திற்கு முந்தையது என்பதை மட்டுமே இது காட்டும். 18 ஆம் நூற்றாண்டினது என நிறுவாது. எழுத்துகளோ மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என வல்லுநர்கள் முடிவு செய்தனர். கோக் 2006 இல் வழக்குத் தொடர்ந்தார். குற்றச்சாட்டை மறுத்துவந்த ரோடன்ஸ்டாக் 2018 இல் காலமானார்.

பழம்பொருளின் வயதும் அதன் உரிமை வரலாறும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை என்பதற்கு இப்புட்டிகள் எடுத்துக்காட்டாகும்.